மேலே ஐரிஷ், கீழே இத்தாலியர்: அமெரிக்கக் குடியேறிகளின் பகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க், பாஸ்டன் போன்ற ஊர்களில் ஐரிஷ்காரர்களும் இத்தாலியர்களும் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். கும்பல் சண்டைப் படங்களைப் பார்த்துவிட்டு இதைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கீழ்த்தளத்தைப் பற்றி. அங்கே வருவதற்கு முன் சில அடிப்படைக் கேள்விகள்.

இரண்டு பேருமே கத்தோலிக்கர்கள்தானே, அப்புறம் என்ன சண்டை?

இருவரும் கத்தோலிக்கர்களாக இருந்ததுதான் சண்டைக்கே காரணம் என்பேன். வேறு வேறு சமயமாக இருந்திருந்தால் ஆளுக்கொரு கோயிலைக் கட்டிக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள். ஒரே பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டம்), ஒரே பீடம், ஒரே சாமியார் என்று ஆனபோது அந்தக் கோயில் யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டது.

அயர்லாந்தில் சாமியார் ஏழைகளின் பக்கம் நின்றவர். நிலமெல்லாம் புராட்டஸ்டண்ட் ஜமீன்தார்களிடம் இருந்தது. கத்தோலிக்கர்களை ஒடுக்கும் சட்டங்கள் 18ஆம் நூற்றாண்டு முழுக்க இருந்தன. வெட்டவெளியில் பாறையைப் பீடமாக்கி மறைவாகப் பூசை வைத்திருக்கிறார்கள். அதனால் ஓர் ஐரிஷ் குடியானவனுக்குத் தன் இனமும் தன் சமயமும் வேறல்ல. சாமியாரை எதிர்த்துப் பேசுவது ஆங்கிலேயனுக்குத் துணைபோவது மாதிரி.

தென் இத்தாலியில் நிலைமை தலைகீழ். திருச்சபையே பெரிய நிலவுடைமையாளராக இருந்த நாடு அது. பண்ணையாரின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவராகத்தான் சாமியாரைக் குடியானவன் பார்த்தான். ஆண்கள் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்றால்தான் கோயிலுக்குள் வருவார்கள். பக்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஊர்ப் புனிதர்மேல் அவர்களுக்கு உயிர். ஆனால் அந்தப் புனிதர் ஊருக்குச் சொந்தம், சாமியாருக்கு அல்ல.

இந்த இரண்டு நினைவுகளும் நியூயார்க்கில் ஒரே தெருவில் வந்து இறங்கின.

யார் முதலில் வந்தார்கள்?

ஐரிஷ்காரர்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் தொடங்கியது. பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். 1841-ல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-ல் சுமார் 65 லட்சம். அமெரிக்காவிலும் அவர்களை யாரும் மாலைபோட்டு வரவேற்கவில்லை. பஞ்சத்துக்கு முந்திய ஆண்டே, 1844-ல், பிலடெல்பியாவில் கத்தோலிக்கக் கோயில்களைக் கொளுத்தினார்கள். நியூயார்க்கில் ஆயர் ஜான் ஹியூஸ், மாட் தெருவிலிருந்த பழைய புனித பேட்ரிக் பேராலயத்துக்கு ஆயுதம் ஏந்திய ஆட்களைக் காவல் வைத்தார். கோயிலைக் காப்பாற்றத் தெருவில் நின்றவர்களுக்கு அது செங்கல் சுவர் மட்டுமா?

இத்தாலியர்கள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1880-க்குப் பிறகு. 1861-ல் நாடு ஒன்றானதும் தெற்குக்கு விடியும் என்று நம்பினார்கள். விடிந்தது வரிதான், மாவு அரைப்பதற்குக்கூட வரி போட்டார்கள். 1880-லிருந்து 1920 வரை சுமார் 40 லட்சம் பேர் அமெரிக்காவுக்கு வந்தார்கள், பெரும்பாலும் சிசிலி, கலாப்ரியா, கம்பானியா பக்கத்து ஏழைகள்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஐரிஷ்காரர்கள் திரும்பிப் போகும் எண்ணத்தோடு வரவில்லை. இளம்பெண்களும் தனியாக வந்து வீட்டுவேலைக்குப் போனார்கள். இத்தாலியர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி ஒரு துண்டு நிலம் வாங்கும் கனவோடு வந்தவர்கள். பாதிப்பேர் வரை திரும்பியும் போனார்கள். தங்கப் போகிறவன் சங்கம், கட்சி, பங்கு என்று கட்டுகிறான். திரும்பப் போகிறவன் எந்தக் கூலியானாலும் சரி என்கிறான். வேலையிடத்துச் சண்டையில் பாதி இதிலிருந்து வந்தது.

அந்தக் கீழ்த்தளத்துக் கதை என்ன?

நியூயார்க் மாட் தெருவில் உருமாற்றக் கோயில் என்று ஒன்று இருக்கிறது. 1853-லிருந்து அது கத்தோலிக்கப் பங்கு. முதலில் ஐரிஷ்காரர்கள் நிறைந்திருந்தது. 1880-களில் சுற்றுவட்டாரமெல்லாம் இத்தாலியர்கள் குடியேறினார்கள். அவர்களுக்கும் பூசை வேண்டும். சரி, கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மேலே ஐரிஷ்காரர்களுக்குப் பூசை, கீழே இத்தாலியர்களுக்குப் பூசை. ஒரே கூரை, ஒரே நற்கருணை, ஆனால் படி இறங்கித்தான் போக வேண்டும்.

இது ஒரு கோயிலோடு நிற்கவில்லை. மன்ஹாட்டனின் 115ஆம் தெருவில் இருக்கும் கார்மேல் மாதா கோயில் இன்னும் வலிக்கும் கதை. 1884-ல் அதைக் கட்டியபோது இத்தாலியத் தொழிலாளர்கள் பகலெல்லாம் கூலிவேலை செய்துவிட்டு வந்து தங்கள் கையாலேயே அஸ்திவாரம் தோண்டினார்கள். பழைய சாமான் வியாபாரிகளும் ஐஸ் வண்டிக்காரர்களும் வண்டியும் குதிரையும் தந்தார்கள். கோயில் எழுந்தபின் மேல்தளம் ஐரிஷ், ஜெர்மன் பங்கு மக்களுக்குப் போயிற்று. ஊரிலிருந்து வந்த மாதா சுரூபமும் (சிலையும்) அதைக் கும்பிட்ட இத்தாலியர்களும் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். அந்தச் சுரூபம் மேலே ஏற 1919 வரை காத்திருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஜூலை 16-ல் அந்த மாதாவின் திருவிழா. சுரூபத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் பவனி போவார்கள். பெண்கள் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பார்கள். குணமான கைக்கு மெழுகுக் கை, குணமான காலுக்கு மெழுகுக் கால் என்று நேர்ச்சை கொண்டுவருவார்கள். ஒரு ஆள் எடைக்குச் சமமான மெழுகுவர்த்தியும் இருக்கும். சிலர் கோயில் தரையில் நாக்கு இழையப் பீடம்வரை ஊர்ந்து போனதும் உண்டு. வெளியே பலகாரக் கடை, வாத்தியம், வாணவேடிக்கை. ஒழுங்காக வரிசையில் வந்து முழந்தாளிட்டு எழுந்து போகும் ஐரிஷ் பங்குத்தந்தைக்கு இதெல்லாம் அஞ்ஞானிகள் வேலையாகத் தெரிந்தது. 1888-ல் ஒரு கத்தோலிக்க இதழின் கட்டுரை, இத்தாலியர்களுக்கு மறைக்கல்வியின் அரிச்சுவடியே தெரியாது என்று எழுதியது.

காசும் ஒரு காரணம். ஐரிஷ் பங்குகள் வீட்டுவேலைக்காரப் பெண்கள் வாராவாரம் போட்ட சில்லறையில் எழுந்தவை. இத்தாலியில் கோயிலுக்கு நிலமும் மானியமும் உண்டு. பூசைக்குப் போக வாசலில் இருக்கைக் காசு கேட்பது இத்தாலியர்களுக்குப் புதிது, அவமானமும்கூட. காசு போடாதவன் கீழே போகட்டும் என்பது ஐரிஷ் தரப்பு வாதம். அவர்கள் பட்ட கஷ்டத்தை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் கும்பிட வந்தவனைப் படி இறக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

போப்புக்கும் இந்தப் பகைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இத்தாலி ஒன்றானது போப்பின் ஆட்சிப் பகுதிகளைப் பறித்துத்தான். 1860-ல் போப் ஒன்பதாம் பத்திநாதருக்காகச் சண்டைபோட அயர்லாந்திலிருந்தே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புனித பேட்ரிக் படைப்பிரிவு என்ற பெயரில் இத்தாலிக்குப் போனார்கள். தோற்றுத் திரும்பினார்கள். 1870 செப்டம்பர் 20-ல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு 1929 ஒப்பந்தம் வரை போப்புகள் வத்திக்கானை விட்டு வெளியே வரவில்லை.

ஐரிஷ்காரர்களுக்கு அந்தச் செப்டம்பர் 20 துக்க நாள். அமெரிக்காவிலிருந்த இத்தாலிய தேசியவாதிகளுக்கோ அதுதான் கொடியேற்றிக் கொண்டாடும் நாள். 1888-ல் நியூயார்க் வாஷிங்டன் சதுக்கத்தில், இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட தளபதி கரிபால்டிக்குச் சிலை வைத்தார்கள். போப்பின் எதிரிக்குச் சிலை வைக்கிறவனும் கத்தோலிக்கனா என்று ஐரிஷ் சாமியார்கள் கேட்டது வெறும் இனவெறுப்பில் அல்ல. பல ஐரிஷ் குடும்பங்கள் பிள்ளைகளையே அனுப்பிய போர் அது.

திருச்சபைத் தலைமை இத்தாலியர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லையா?

ரோமில் கவலைப்பட்டார்கள். பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி 1887-ல் குடியேறிகளுக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். போப் பதின்மூன்றாம் சிங்கராயர், சீனாவுக்குப் போக ஆசைப்பட்ட பிரான்சிஸ் காப்ரினி என்ற இத்தாலியக் கன்னியாஸ்திரியை மேற்கே அனுப்பினார். 1889 மார்ச் கடைசியில் ஆறு சகோதரிகளோடு அவர் நியூயார்க்கில் இறங்கினார். இறங்கியவர்களுக்குத் தங்க மடம் தயாராக இல்லை. அநாதை இல்லத் திட்டம் குழம்பிப்போயிருந்ததால் பேராயர் மைக்கேல் காரிகன், ஐரிஷ் வம்சாவளி, அடுத்த கப்பலில் திரும்பிவிடுங்கள் என்ற பொருளில் சொன்னார். போப் அனுப்பி வந்தேன், போக மாட்டேன் என்று காப்ரினி அங்கேயே நின்றுவிட்டார். அப்புறம் பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம் என்று ஊர் ஊராகக் கட்டினார். 1946-ல் அவருக்குப் புனிதர் பட்டம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் அவரே முதல் புனிதர்.

வேலையிடத்தில் எப்படி மோதினார்கள்?

மண்வெட்டியும் மூட்டையும்தான் இரண்டு பேருக்கும் பிழைப்பு. 1882 கோடையில் நியூயார்க் ரயில்வே சரக்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 17 சென்ட்டை 20 ஆக்குங்கள் என்பதே கோரிக்கை. பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். கம்பெனிகள் கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய இத்தாலியர்களையும் ரஷ்ய யூதர்களையும் கூட்டிவந்து வேலையில் இறக்கின. கருங்காலி என்ற பெயர் அன்று இத்தாலியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. வந்தவர்களில் பலருக்கு வேலைநிறுத்தம் நடப்பதே தெரியாது. அவர்களைக் கூட்டிவந்தவன் கங்காணி. ஊர்க்காரன், ஆங்கிலம் தெரிந்தவன். கப்பல் செலவு, தங்குமிடம், கடைச் சாமான் எல்லாவற்றுக்கும் கூலியில் பிடிப்பவன்.

அவர்களை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒரு விளம்பரமே சாட்சி. 1895-ல் நியூயார்க்கின் குரோட்டன் நீர்த்தேக்க வேலைக்கு ஆள் கேட்டபோது வெள்ளையருக்கு நாளொன்றுக்கு 1.30 முதல் 1.50 டாலர், கறுப்பருக்கு 1.25 முதல் 1.40, இத்தாலியருக்கு 1.15 முதல் 1.25 என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். இத்தாலியன் வெள்ளையன் கணக்கில்கூட வரவில்லை. அதே நேரத்தில் ஐரிஷ்காரன் அந்தக் கணக்குக்குள் நுழைந்துவிட்டான். ஐம்பது வருடம் முன்னால் அவனும் வெளியே நின்றவன்தான்.

நியூயார்க் துறைமுகத்தில் இந்தப் போட்டி நீண்டகாலம் ஓடியது. காலையில் கப்பல்துறை வாசலில் ஆட்கள் அரைவட்டமாக நிற்பார்கள். ஆள் எடுப்பவர் விரலை நீட்டி ‘நீ, நீ’ என்று பொறுக்குவார். காதுக்குமேல் பல்குச்சி செருகியிருந்தால் கூலியில் பங்கு தரத் தயார் என்று அர்த்தம். முதலில் கிட்டத்தட்ட முழுக்க ஐரிஷ்காரர்கள் கையிலிருந்த வேலை. மெல்ல மெல்ல புரூக்ளின் கரை இத்தாலியர்களுடையது, மன்ஹாட்டன் மேற்குக்கரை ஐரிஷ்காரர்களுடையது என்று பிரிந்தது. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக 1927 முதல் 1953 வரை ஐரிஷ் வம்சாவளி ஜோசப் ரையன் இருந்தார். புரூக்ளினில் அனஸ்டாசியா சகோதரர்கள் என்ற இத்தாலியக் கும்பல்காரர்களின் ராஜ்யம். மேலே இருந்த ஐரிஷ்காரரும் இத்தாலியரும் ஒத்துப்போனார்கள் என்பதுதான் கொடுமை. இந்த ஊழலை எதிர்த்துக் கூலிகளைத் திரட்டிய பீட்டர் பாண்டோ என்ற இளம் இத்தாலியத் தொழிலாளி 1939 ஜூலையில் காணாமல் போனார். 1941-ல் நியூஜெர்சியில் ஒரு சுண்ணாம்புக் குழியிலிருந்து உடலை எடுத்தார்கள். அப்போது புரூக்ளின் அரசு வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஓட்வையர், அயர்லாந்தில் பிறந்தவர், இந்தக் கொலையில் சந்தேகிக்கப்பட்ட ஆல்பர்ட் அனஸ்டாசியாமேல் வழக்கே போடவில்லை. கீழே அடித்துக்கொண்டவர்கள் இரண்டு இனத்துக் கூலிகள்.

போலீஸ் முழுக்க ஐரிஷ்காரர்கள் என்பது உண்மையா?

முழுக்க இல்லை, ஆனால் அவர்கள் கை ஓங்கியிருந்தது. இத்தாலியத் தெருவில் ஏதாவது நடந்தால் மொழி தெரியாத ஐரிஷ் போலீஸ்காரர் வந்து நிற்பார். இதில் நுழைந்தவர் ஜோசப் பெட்ரோசினோ. 1860-ல் இத்தாலியின் பதுலாவில் பிறந்து 1883-ல் நியூயார்க் போலீசில் சேர்ந்தவர், குள்ளமானவர். இத்தாலியர்களை மிரட்டிப் பணம் பறித்த ‘கறுப்புக் கை’ ஆட்களைப் பிடிக்கத் தனிப்படை வேண்டும் என்று பலமுறை கேட்டு வாங்கினார். 1909 மார்ச் 12-ல் துப்பறியப் போன இடத்தில், சிசிலியின் பலெர்மோவில், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு இறுதிப் பூசை நடந்தது மாட் தெருவின் பழைய புனித பேட்ரிக் பேராலயத்தில். ஆயர் ஹியூஸ் ஆள் நிறுத்திக் காத்த அதே கோயில்தான். அதற்குள் அந்தத் தெரு இத்தாலியர்களுடையதாகிவிட்டிருந்தது.

1891-ல் நியூ ஆர்லியன்ஸில் இத்தாலியர்களைக் கொன்றது ஐரிஷ்காரர்களா?

இந்தத் தவறு அடிக்கடி வருகிறது. 1890 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்ட போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னசி ஐரிஷ் வம்சாவளி. கொலைப் பழி இத்தாலியர்கள்மேல் விழுந்தது. ஆனால் 1891 மார்ச் 14-ல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்ற கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், வக்கீல்கள். அதை ஐரிஷ் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. நகர நிர்வாகம் 2019-ல் மன்னிப்புக் கேட்டது.

இத்தாலியர்கள் ஏன் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள்?

ஜனநாயகக் கட்சியின் கதவில் ஐரிஷ்காரர் நின்றதால். நியூயார்க்கில் அந்தக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் என்ற அமைப்பு, 1872-ல் ஜான் கெல்லி கைக்கு வந்ததிலிருந்து ஐரிஷ் கோட்டை. கட்சியின் வார்டுக்காரர்தான் வேலை வாங்கித் தருவார், குளிருக்குக் கரி தருவார், சாவுக்கு வருவார். இத்தாலியர்களிடம் ஓட்டு வாங்கினார்கள். சீட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் இத்தாலிய வம்சாவளி பியோரெல்லோ லகார்டியா குடியரசுக் கட்சி வழியாக வந்து, 1933 மேயர் தேர்தலில் ஓ’பிரையன், மெக்கீ என்ற இரண்டு ஐரிஷ் வேட்பாளர்களையும் தோற்கடித்தார். 1949-ல்தான் டாமனி ஹாலுக்கு ஒரு இத்தாலியத் தலைவர், கார்மைன் டிசாபியோ. அடுத்த ஆண்டே, அதற்குள் மேயராகியிருந்த ஓட்வையர் பதவியை விட்டுப் போக, இடைத்தேர்தலில் நின்ற முக்கிய வேட்பாளர்கள் இம்பெலிடேரி, பெகோரா, கோர்சி மூவருமே இத்தாலியில் பிறந்தவர்கள்!

கும்பல் சண்டை?

நடந்தது. 1924 நவம்பரில் சிகாகோவில் ஐரிஷ் கும்பல் தலைவர் டீன் ஓ’பானியனை அவருடைய பூக்கடையிலேயே சுட்டார்கள். 1925 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் புரூக்ளினில் இன்னொரு ஐரிஷ் கும்பல் தலைவர் ரிச்சர்ட் லோனர்கன் கொல்லப்பட்டார். ஆனால் அது மதுவிலக்குக் காலத்துச் சாராயப் பணத்துக்கான சண்டை. ஓ’பானியன் கும்பலிலேயே போலந்துக்காரர்களும் உண்டு. இத்தாலியக் கும்பல் தலைவர் அல் கபோன் 1918-ல் கட்டிக்கொண்ட மனைவி மே காஃப்லின் ஐரிஷ் குடும்பத்துப் பெண்.

எல்லா ஊரிலும் இப்படித்தானா?

இல்லை. பாஸ்டனின் வடமுனை என்ற பகுதியில் நியூயார்க் மாதிரியேதான்; 1890-ல் ஜனாதிபதி ஜான் கென்னடியின் தாய் ரோஸ் கென்னடி பிறந்தபோது அங்கே ஐரிஷ் குடும்பங்கள் இருந்தன, சில பத்தாண்டுகளில் முழுக்க இத்தாலியப் பேட்டை. சான் பிரான்சிஸ்கோவில் இவ்வளவு கசப்பு இல்லை. அங்கே போன இத்தாலியர்களில் வடபகுதிக்காரர் அதிகம். மீன்பிடி, தோட்டம், வியாபாரம் என்று சொந்தத் தொழில் செய்தார்கள். யாரிடமும் வேலை கேட்டு நிற்கவில்லை. 1931-லேயே அங்கே ஏஞ்சலோ ரோஸி என்ற இத்தாலியர் மேயராகிவிட்டார்.

1924 குடியேற்றச் சட்டம் யாரைப் பாதித்தது?

இத்தாலியர்களை அடியோடு. சட்டம் அவர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 3,845 இடம். ஐரிஷ் சுதந்திர நாட்டுக்கு 28,567. 1907-ல் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் இத்தாலியர்கள் வந்திருந்தார்கள்.

பகை எப்போது தணிந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பிள்ளைகள் ஒரே பங்குப் பள்ளியில், ஒரே கன்னியாஸ்திரிகளிடம் அடிவாங்கிப் படித்தவர்கள். போருக்குப் போய் வந்து, புறநகரில் பக்கத்துப் பக்கத்து வீடு வாங்கினார்கள். வெளியாளைக் கட்டாதே, கத்தோலிக்கனையே கட்டு என்று இரண்டு வீட்டிலும் சொல்லி வளர்த்திருந்தார்கள். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். ஐரிஷ் தகப்பன், இத்தாலியத் தாய் என்பது நியூஜெர்சியில் சாதாரணம். பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் தாய் இத்தாலியர், தகப்பன் வழியில் ஐரிஷ் ரத்தம். எந்த ஒரே சமயம் பகையை வளர்த்ததோ அதுவே கல்யாணப் பந்தலும் போட்டது.

அந்தக் கோயில்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 115ஆம் தெருவில் ஜூலை 16-ல் இன்றும் பவனி உண்டு. பல ஆண்டுகளாக அதில் ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் பெருங்கூட்டமாக நடக்கிறார்கள். மாட் தெரு உருமாற்றக் கோயில் 1902-ல் சலேசிய சபையின் இத்தாலியச் சாமியார்கள் பொறுப்புக்கு வந்தது. இப்போது அந்தத் தெரு சீனர்களுடையது. அங்கே ஆங்கிலத்தோடு கான்டனீஸிலும் மாண்டரினிலும் பூசை நடக்கிறது.